நான்கு வழிச்சாலை ஊரைப் பிளக்கும் இடத்தில் சாவைத் தடுக்க வழி உண்டா?

மேலோட்டமாகப் பார்த்தால் உங்களுடையது வேகத்தடை பற்றிய கேள்வி. ஊரில் பாதி நான்கு வழிச்சாலைக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் அந்தப் பக்கம். நடுவில் சென்டர் மீடியனில் விட்டிருக்கும் திறப்பில் ஒரே வருடத்தில் மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். மறியல் செய்து வேகத்தடை கேட்டீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்குப் பதில் எழுதியவர்களில் பலர் "நம்ம ஜனங்களுக்கு ஒழுக்கம் கிடையாது, அபராதத்தைப் பத்து மடங்கு ஏத்தணும்" என்று முடித்துவிட்டார்கள். நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன்: ஆட்கள் தப்புப் பண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அந்த இடத்தில் சாவையாவது நிறுத்த முடியுமா? முடியும். நெடுஞ்சாலைப் பொறியாளராக வேலை பார்த்து, பிற்பாடு பல வருடம் சாலைப் பாதுகாப்புத் தணிக்கை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பிரிவை, அதாவது அந்தத் திறப்பு இருக்கும் சந்திப்பை, நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் சில இடங்களில் "இருக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

முதலில் வேகத்தடை. கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன்: மறுத்தது சரிதான். நம் நாட்டில் சாலை அமைப்புக்கான தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. மெல்ல ஏறி மெல்ல இறங்கும். வண்டி மணிக்கு 25 கிலோமீட்டருக்கு இறங்கவேண்டிய தெருக்களுக்காக வகுத்தது அது. தொண்ணூறில் வரும் லாரி கடைசி நொடியில் அதைப் பார்த்துப் பிரேக் அடித்தால், பின்னால் வரும் கார் நேராக லாரிக்கு அடியில் போகும். தேசிய நெடுஞ்சாலைகளில் இருப்பவற்றையும் எடுத்துவிடச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் உத்தரவே இருக்கிறது. ஊர்ச் சாலைகளில் நாம் போடுவது இன்னும் மோசம். ஒரு சாவு, ஒரு மறியல், தாசில்தார் வந்து ஒரு வாக்குறுதி, மறுநாள் இரவோடு இரவாக மிச்சமிருந்த ஜல்லியையும் தாரையும் கொட்டி, ஒரு அடி அகலத்தில் அரையடி உயரத்துக்கு ஒரு வரப்பு. பெயின்ட் கிடையாது, முன்னெச்சரிக்கைப் பலகை கிடையாது. ஒரு உயிருக்காகப் போட்டது அடுத்த மாதமே இன்னொரு குடும்பத்தின் பின்சீட்டுக்காரரைத் தூக்கிப் போடும்.

ஆனால் வேகத்தடை கேட்ட உங்கள் உள்ளுணர்வு சரி. அந்தப் பிரிவில் கொல்வது வேகம்தான். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, கணக்குப் போட்டே காட்டலாம். டிரைவர் ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி, சாலை காய்ந்திருக்கிறது, டயர் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அறுபதில் வரும் கார் ஏறக்குறைய 45 மீட்டரில் நின்றுவிடும். எண்பதில் வருகிற கார் நிற்க எழுபது மீட்டர் வேண்டும். வித்தியாசம் 25 மீட்டர்தானே என்று தோன்றும். விஷயம் அதுவல்ல. அறுபதில் வந்த கார் முழுவதுமாக நின்ற அதே இடத்தில், எண்பதில் வந்த கார் இன்னும் 65 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஒருவர் "ஐயோ, சாவடிச்சிருப்பேன்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார், இன்னொருவர் கொலை வழக்குக்கு அடுத்த படியில் நிற்பார். இருவருடைய கவனமும் அனுபவமும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் சாவில் முடியும் விபத்துக்கான வாய்ப்பு சுமார் நான்கு சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதைத்தான்.

இப்போது உங்கள் பிரிவுக்கு வருவோம். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.-லில் பின்னால் ஒரு மூட்டையோ ஆளோ வைத்துக்கொண்டு நின்ற நிலையிலிருந்து கிளம்பி இரண்டு லேனையும் ஓரத்தையும் கடக்க நான்கைந்து நொடி ஆகும். நூறில் வரும் கார் அந்த ஐந்து நொடியில் 140 மீட்டர் ஓடிவிடும். அதாவது, கடக்கிறவர் கிளம்பும்போது 140 மீட்டர் தூரத்தில் வரும் கார் அவர் கண்ணில் பட்டாக வேண்டும். பட்டால் மட்டும் போதாது, அதன் வேகத்தையும் சரியாக ஊகிக்க வேண்டும். நேர் எதிரே வரும் வண்டியின் வேகத்தை ஊகிப்பதில் மனிதக் கண் மிகவும் மோசம், வயதானவர்களுக்கு இன்னும் கஷ்டம். நான்கு வழிச்சாலையில் கார்களுக்கு 100 கிலோமீட்டர் வரை மத்திய அரசு 2018-ல் அனுமதித்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. தாளில் எது இருந்தாலும், ராத்திரி பத்து மணிக்கு ரோட்டில் ஓடும் வேகம் நூறுக்குக் குறையாது.

இதோடு அரளிச்செடியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மீடியனில் அரளி வைப்பது எதிர்வண்டியின் ஹெட்லைட் கண்ணில் அடிக்காமல் இருக்க, நல்ல ஏற்பாடு. ஆனால் திறப்பு வரும் இடத்துக்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும், அல்லது முழங்கால் உயரத்தில் வெட்டி வைக்க வேண்டும். நான் தணிக்கைக்குப் போன பிரிவுகளில் அடிக்கடி பார்த்தது, ஆள் உயர அரளி திறப்பின் விளிம்பு வரைக்கும் வந்து நிற்பதுதான். பைக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு வருகிற கார் தெரியாது, கார்க்காரருக்குப் பைக் தெரியாது. எட்டிப் பார்க்க அவர் முன்சக்கரத்தை ஒரு முழம் வெளியே நீட்டுகிறார். நீட்டிய இடம் வேக லேன். பிறகு பஸ் நிறுத்தம். பெரும்பாலும் திறப்புக்கு நேராகவே பஸ் நிற்கும், ஏனென்றால் இறங்குகிறவர் கடக்க வேண்டும். நிற்கும் பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் புகுந்து ஓடும் பிள்ளையை, அந்த பஸ்ஸை ஓவர்டேக் செய்து வரும் டிரைவர் மோதுகிற கணத்தில்தான் பார்க்கிறார். நிறுத்தத்தைப் பிரிவைத் தாண்டி முப்பது நாற்பது மீட்டர் தள்ளினால், மக்கள் பஸ்ஸுக்குப் பின்பக்கமாக நடந்து வந்து கடப்பார்கள். பெரிய செலவில்லாத வேலை.

ஒழுக்கம் பற்றி எழுதியவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரட்டைப் பாலத்தை ஒட்டிய இறக்கம். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே லாரிகள் கட்டுப்பாடு இழந்து வரிசையாக வண்டிகளை இடித்துத் தள்ளியது பலருக்கு நினைவிருக்கும். பெங்களூரு பக்கமிருந்து பாரத்தோடு வரும் லாரி நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுபவர்களும் உண்டு. டிரைவர் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: வருடா வருடம் டிரைவர் மாறுகிறார், லாரி மாறுகிறது, மாநிலம்கூட மாறுகிறது, இடம் மட்டும் மாறுவதில்லை. வேறு வேறு ஆட்கள் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்தால், அந்த இடமே அந்தத் தப்பைச் செய்யத் தூண்டுகிறது என்றுதான் பொறியாளர் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே குறைந்த கியரில் போகச் சொல்லும் பலகைகளும் போலீஸ் கண்காணிப்பும் எப்போதோ வந்துவிட்டன. அதற்குப் பிறகும் இறக்கத்தையும் வளைவையும் தவிர்க்கும் உயர்மட்டச் சாலை தேவை என்ற முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

ராங் சைடில் வருவதும் இதே கதை. பெட்ரோல் பங்க் எதிர்ப்பக்கம் இருநூறு மீட்டரில் இருக்கிறது, முறையாகப் போக வேண்டுமானால் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும். நூறு பேரில் எத்தனை பேர் போவார்கள்? அதனால்தான் "அந்தத் திறப்பை மூடிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது" என்ற யோசனையை நான் அரைமனதோடு கேட்பேன். இரண்டு பக்கமும் சர்வீஸ் ரோடு போட்டு, பக்கத்தில் ஒரு அண்டர்பாஸில் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு மூடினால் நல்லது. அதெல்லாம் இல்லாமல் மூடினால் சாவு திறப்பிலிருந்து ராங் சைடுக்கு இடம் மாறும். கூடவே, மீடியன் கல்லை யாராவது ராத்திரியில் பெயர்த்து பைக் நுழையும் அளவுக்கு ஒரு சந்து உண்டாக்கியிருப்பார்கள். ஸ்வீடன் 1997-ல் தன் நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்ட கொள்கையின் சாரம் இதுதான்: மனிதன் தவறுவான், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையைக் கட்டுவது கட்டுகிறவரின் பொறுப்பு. அவர்களுடைய தீர்வுகளை அப்படியே இங்கே தூக்கிவர முடியாது. அங்கே சாலையில் கார்தான் அதிகம். இங்கே 2022-ல் நாடு முழுக்க இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள், ஐந்தில் ஒருவர் நடந்து போனவர்.

அபராதம் வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. ஹெல்மெட் விஷயத்தில் இரண்டு கருத்துக்கு இடமே இல்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பீட்டில், அது மரண வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. பட்டையை மாட்டியிருந்தால்தான் இந்தக் கணக்கு. போலீஸைக் கண்டதும் தலையில் கவிழ்க்கும் தொப்பிக்குப் பொருந்தாது. 2019 சட்டத் திருத்தத்தின் 1,000 ரூபாய் அபராதம் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது, அதற்குமுன் 100 ரூபாய்தான். என் அனுபவத்தில் தொகையைவிட, மாட்டுவோம் என்ற நிச்சயமே ஆளைத் திருத்துகிறது. எப்போதோ ஒருமுறை பிடிபட்டு ஆயிரம் கட்டுகிறவர் அதைத் துரதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்வார்; தினமும் ஒரே வளைவில் கேமரா இருக்கிறது என்று தெரிந்தவர் பட்டையை மாட்டிக்கொண்டுதான் கிளம்புவார். ஆனால் உங்கள் பிரிவில் நூறில் வரும் கார் பக்கவாட்டில் மோதினால் ஹெல்மெட்டால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அது தலையைக் காக்கும், நெஞ்சையும் இடுப்பையும் அல்ல. ஆகவே "ஹெல்மெட் போடச் சொல்லிக்கொடுங்கள்" என்பது உங்கள் ஊருக்குத் தேவையான அறிவுரை, உங்கள் பிரிவுக்குத் தீர்வு அல்ல.

சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் சாவுகளில் 71 சதவீதத்துக்குக் காரணம் அதிவேகம் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. வேகம் முக்கியக் காரணம் என்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்ப மாட்டேன். அது காவல் நிலையத்தில் எழுதும் எஃப்.ஐ.ஆரிலிருந்து வருவது. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து" என்ற வரி இல்லாத விபத்து எஃப்.ஐ.ஆரை நான் பார்த்ததாக நினைவில்லை. அரளி மறைத்தது, விளக்கு எரியவில்லை, டெயில் லைட் இல்லாத கரும்பு டிராக்டர் ஓரத்தில் நின்றது என்பதெல்லாம் அந்த வரிக்குள் புதைந்துபோகும். அதேபோல, தமிழ்நாட்டில் 2016-ல் 17,218 ஆக இருந்த சாலைச் சாவு 2019-ல் 10,525 ஆகக் குறைந்தது என்று நாடே பாராட்டியது. 2022-ல் அது 17,884. அந்த வருடம் விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு, சாவில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து இரண்டாமிடம். மூன்றே வருடத்தில் சாலையும் மக்களும் அவ்வளவு மாறிவிடவில்லை. எண்ணும் முறையில்தான் எங்கோ வித்தியாசம் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். எனவே "அந்த நான்கு வருடம் செய்ததையே செய்தால் போதும்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். மதுக்கடைகளை நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் தள்ளிவைக்கச் சொன்ன 2016-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் எனக்கு இதே ரகம்தான். நோக்கம் நல்லது, ஆனால் கடையைத் தள்ளியதால் குடித்தவர் வண்டி ஓட்டும் தூரம் கூடிய ஊர்களும் உண்டோ என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை. விழிப்புணர்வுப் பேரணி, சாலைப் பாதுகாப்பு வாரம் பற்றிக் கேட்காதீர்கள், நானே பலவற்றில் பச்சைக்கொடி பிடித்து நின்றிருக்கிறேன்.

சரி, உடனே என்ன கேட்கலாம்? வேகத்தடைக்குப் பதிலாக, பிரிவுக்கு முன்னால் ரம்பிள் ஸ்ட்ரிப் எனப்படும் குறுக்குக் கோட்டு வரிசைகள். தடதடவென்று சத்தம் எழுப்பும், வண்டியைத் தூக்கிப் போடாது. அவை மட்டும் வேகத்தைப் பெரிதாகக் குறைத்துவிடாது, தூக்கக் கலக்கத்தில் இருப்பவரை எழுப்பும். அதற்கடுத்து ஹைமாஸ்ட் விளக்கு. விளக்கு போடுவதைவிட அதன் கரன்ட் பில்லை யார் கட்டுவது என்பதில்தான் பல பிரிவுகள் இருட்டில் கிடக்கின்றன, அதை முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பிரிவை நெருங்கும் தூரத்தில் வேகக் கேமரா. மீடியன் அகலமாக இருந்தால், திரும்பும் வண்டி வேக லேனை விட்டு ஒதுங்கி நிற்கத் தனி லேன். அரளியை வெட்டுவது. பஸ் நிறுத்தத்தைத் தள்ளுவது. ஓரத்தில் டீக்கடைக்கு நிற்கும் லாரிகளை அப்புறப்படுத்துவது.

நகைக்கடை விளம்பரத்தோடு ஜிக்ஜாக்காக நிறுத்தும் இரும்பு பேரிகார்டை போலீஸ் உடனே கொண்டுவந்து வைப்பார்கள். பகலில் அது வேலை செய்யும். ராத்திரியில் ரிஃப்ளெக்டர் இல்லாமல், முன்னெச்சரிக்கை இல்லாமல் நிற்கும் பேரிகார்டு சாலை நடுவே வைத்த சுவர். மழைக்காலத்தில் அதில் மோதி இறந்தவர்களும் இருக்கிறார்கள். வைத்தால் ஒளிரும் பட்டை புதிதாக ஒட்டி, மேலே சோலார் பிளிங்கரோடு, வாரத்துக்கு ஒருமுறை துடைக்க ஒரு ஆளோடு வைக்கட்டும்.

நிரந்தரத் தீர்வு, வண்டிகள் போகும் அண்டர்பாஸ். மேம்பால நடைபாதையை ஒப்புக்கொள்ளாதீர்கள். மூட்டுவலியுள்ள அம்மா நாற்பது படி ஏறமாட்டார், கீழேயே கடப்பார். அண்டர்பாஸ் கட்டினாலும் மழைநீர் வடிகால் எங்கே போகிறது என்று வரைபடத்திலேயே பாருங்கள். இடுப்பளவு தண்ணீர் தேங்கினால் ஐப்பசி, கார்த்திகையில் ஊர் மறுபடி மேலேதான் கடக்கும்.

அடிபட்ட பிறகு காப்பாற்றுவது என் துறை அல்ல, அதனால் சுருக்கமாக. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் குறிப்பிட்ட உச்சவரம்புக்குள் இலவசம். கையில் காப்பீட்டு அட்டை இல்லை என்று காத்திருக்கத் தேவையில்லை. தூக்கிக்கொண்டு போகிறவரைச் சாட்சியாக வரச்சொல்லி போலீஸ் கட்டாயப்படுத்தக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவே அவருக்குப் பாதுகாப்பு. இதை ஊரில் டீக்கடை வைத்திருப்பவர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் சொல்லிவையுங்கள், முதலில் ஓடிவருவது அவர்கள்தான். 108-க்குச் சொல்லும்போது பிரிவின் பெயரோடு கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், எந்தப் பக்கம் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். தப்பான பக்கம் வந்த ஆம்புலன்ஸ் அடுத்த திறப்பு வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

மனு விஷயம். மறியலில் கிடைப்பது வாக்குறுதி. கோப்பு நகர வேண்டுமென்றால் எண் வேண்டும். அமைச்சகத்தின் வரையறைப்படி, சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்று வருடத்தில் சாவோ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து ஐந்து நடந்திருந்தால், அல்லது பத்துப் பேர் இறந்திருந்தால், அது பிளாக் ஸ்பாட். நீங்கள் மூன்று சாவைச் சொல்கிறீர்கள். கை கால் போனவர்களையும் சேர்த்தால் ஐந்து விபத்துக் கணக்கு அநேகமாக வந்துவிடும். சாலையின் இரண்டு பக்கமும் வேறு வேறு காவல் நிலைய எல்லையாக இருந்தால் கணக்கு இரண்டாகப் பிரிந்து, எதிலும் ஐந்து வராமல் போயிருக்கலாம். இரண்டு நிலையங்களிலும் ஆர்.டி.ஐ. போட்டு மூன்று வருட எஃப்.ஐ.ஆர். எண், தேதி, நேரம், இடம் கேளுங்கள். "அருகே" என்று மட்டும் எழுதியிருந்தால், ஊர்க்காரர்களை வைத்து ஒவ்வொன்றுக்கும் கிலோமீட்டர் கல்லைக் குறியுங்கள். அண்மைக்கால விபத்துகளுக்கு, விபத்து விவரங்களைப் பதிவதற்காகச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஐராட் செயலியில் போலீஸ் இடத்தைப் பதிவு செய்திருப்பார்கள். இந்தப் பட்டியலோடு மனுவை மாவட்ட ஆட்சியருக்கு, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்று குறிப்பிட்டே கொடுங்கள். நகல் நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கும் போலீஸ் எஸ்.பி.-க்கும். 'உரிய நடவடிக்கை எடுக்க' என்று பொதுவாக எழுதாமல், அரளி வெட்டுவது ஒரு கோரிக்கை, விளக்கு ஒன்று, நிறுத்தம் ஒன்று, அண்டர்பாஸ் ஆய்வு ஒன்று என்று தனித்தனியாகக் கேளுங்கள். முதல் மூன்றையும் அண்டர்பாஸ் வரும்வரை தள்ளிப்போட யாருக்கும் காரணம் இருக்காது.

கூடவே இரண்டு படம் இணையுங்கள். இரண்டும் திறப்பில் பைக்கை நிறுத்தி, உட்கார்ந்தபடியே, கண் உயரத்தில் வண்டிகள் வரும் திசையைப் பார்த்து எடுத்ததாக இருக்க வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் செடி மறைப்பது தெரியாது. ஒன்று பகலில், மற்றது மாலை ஏழு மணிக்கு. நாட்டில் விபத்து அதிகம் நடப்பது ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில்தான். எஃப்.ஐ.ஆர். விவரம் கைக்கு வந்ததும் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், எந்தத் திசை வண்டி எந்த லேனில் மோதியது என்று பார்த்து, எதை முதலில் கேட்கலாம் என்று சொல்கிறேன்.